சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம்

கதவைச் சாத்தியாயிற்று. தாழ் போடக்கூடாது, இரண்டு கதவையும் சும்மா சேர்த்து வைத்தால் போதும், வருகிறவர்களுக்குத் தாழ் ஒரு பொருட்டில்லை என்றாலும் வழக்கம் அப்படி. உள்ளே தங்கப்புஷ்பம் சாப்பிடுகிறாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு வெளியே நிற்கவேண்டும், சத்தம் போடக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது. அவள் போய் ஒரு வருஷம் முடிந்து வருகிற முதல் படையல். தலைவாழை இலையில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், உளுந்த வடை, அதிரசம், அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, கடைசிவரைக்கும் குடித்த பித்தளை டம்ளரில் பால். டம்ளருக்குப் பக்கத்தில், இலையின் நுனியில், காலண்டர் தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம். இலை போட்டுப் பரிமாறியது மகள் கனகா. பொட்டலம் அவளுக்குத் தெரியாது. எல்லோரும் விழுந்து கும்பிட்டு வெளியே வந்த பிறகு, சாம்பிராணி போடுகிற சாக்கில் பின்தங்கி, மடியிலிருந்து எடுத்து வைத்தவர் தங்கப்புஷ்பத்தின் புருஷன் நல்லமணி. வைத்துவிட்டு, கதவைச் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது வாசலில் புல்லட் வந்து நின்ற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் யாருடையது என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் சேர்த்த கதவையே மறுபடியும் இழுத்துச் சேர்த்தார்.

வரமாட்டேன் என்றுதானே சீனிராஜ் சொல்லியிருந்தான். தேர் பந்தோபஸ்து, லீவு கிடைக்காது மச்சான், கனகாகிட்டச் சொல்லிடுங்க, நீங்களே திறந்துடுங்க என்று நேற்றுக்கூட போனில் சொன்னான். அதை நம்பித்தானே வைத்தது. முதல் வருஷப் படையலுக்குப் பிறந்த வீட்டு ஆண்தான் கைதட்டிக் கதவைத் திறக்கவேண்டும், முதலில் உள்ளே போய் இலையில் இருக்கிற ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு எடுத்துக் காக்கைக்கு உருட்டவேண்டும். சீனிராஜ் இல்லையென்றால் நல்லமணியே திறந்து, முதல் ஆளாய் உள்ளே போய், மற்றவர்கள் செருப்பைத் தள்ளிவிட்டு வருவதற்குள் பொட்டலத்தை மடியில் செருகியிருப்பார். இப்போது சீனிராஜ் காக்கி பேண்டும் வெள்ளை பனியனுமாய், சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருக்கிறான். தங்கப்புஷ்பத்தின் கூடப்பிறந்த தம்பி. மதுவிலக்குப் பிரிவில் எஸ்.ஐ. கஞ்சாவை மோப்பம் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்று பேர். பஸ்ஸில் ஏறி இரண்டு எட்டு நடந்தானென்றால் எந்த சீட்டுக்கடியில் இருக்கிறது என்று சொல்லிவிடுவான் என்பார்கள். சாம்பிராணியை இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டிருக்கலாம். கதவிடுக்கு வழியாகப் புகை வருகிறது, புகைக்குள்ளே அந்த இன்னொரு வாசனை வருகிறதா? பச்சைப் புல்லை வெயிலில் காயப்போட்டு மறந்துவிட்ட மாதிரி, நனைந்த சாக்கு மாதிரி, வருகிறதா இல்லையா, வருஷம் முழுக்க அவளுடைய பவுடர் டப்பாவில் கிடந்ததால் பவுடர் வாசனையும் கலந்திருக்குமே, அவள் வாசனையாகவே ஆகியிருக்குமே. நல்லமணிக்கு எது உள்ளிருந்து வருகிறது, எது தன் மண்டைக்குள்ளிருந்து வருகிறது என்று பிரிக்கத் தெரியவில்லை.

"எப்ப சாத்துனீங்க மச்சான்?" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான் சீனிராஜ். இப்பத்தான் சீனி, நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. "அப்ப நிக்கட்டும். அக்கா மெதுவாத்தான் சாப்பிடுவா. ஒரு தோசைக்கு ஒரு மணி நேரம் உக்காருவா." கனகா சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்தாள். "எப்படி மாமா லீவு கொடுத்தாங்க?" என்றாள். "யாரு கொடுத்தா? காலைலயே தேர்க்கூட்டத்துல ஒரு பயலைப் பிடிச்சேன், சட்டைக்குள்ள பொட்டலம். ஸ்டேஷன்ல கொண்டுபோய் விட்டுட்டு, அதைச் சொல்லியே ரெண்டு மணி நேரம் வாங்கிட்டு வந்துட்டேன்." பொட்டலம் என்ற சொல் முன்னறையில் எங்கோ விழுந்து, உருண்டு, நல்லமணியின் காலடியில் வந்து நின்றது. கனகாவின் புருஷன் தினகர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், எதையாவது படித்துக்கொண்டே இருப்பான், படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் செரிக்காது. "சார், இப்பல்லாம் வெளிநாட்டுல சொந்த உபயோகத்துக்கு வச்சுக்கிட்டா குத்தமில்லையாமே. வீட்டுத் தொட்டியிலயே வளர்க்கலாமாம்" என்றான். வேண்டாம்டா, வேறு எதையாவது பேசு, மழையைப் பற்றிப் பேசு. "அது அவன் ஊரு மாப்ள" என்று சீனிராஜ் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான், பாடம் எடுக்கிறவன் மாதிரி. "நம்ம ஊருல ஒரு கிலோ வரைக்கும் சிறு அளவு. சிறு அளவுன்னதும் சிறு தப்புன்னு நெனச்சுக்கிறான். ரெண்டு கிராம் இருந்தாலும் கேஸ் கேஸ்தான். ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம், இல்ல பத்தாயிரம் அபராதம், இல்ல ரெண்டும்." "சொந்தத்துக்குன்னு சொன்னா?" என்றான் தினகர். "எல்லாவனும் சொந்தத்துக்குன்னுதான் சொல்லுவான். வைத்தியத்துக்குன்னு சொல்றவன் இருக்கான். சாமிக்குப் படைக்கிறதுக்குன்னு சொல்றவன் இருக்கான். செத்தவங்களுக்குன்னுதான் இதுவரைக்கும் ஒருத்தனும் சொல்லல" என்று சொல்லிச் சிரித்தான். தினகரும் சிரித்தான். கனகா, "ஸ், அம்மா சாப்பிடுறாங்க" என்று விரலை உதட்டில் வைத்தாள். நல்லமணியும் சிரித்துவைத்தார். சிரித்த வாய் உடனே மூடவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

இலை மட்டும் தனியாய் இருந்தால் கஞ்சாக் கணக்கில் வராது, பூவும் மொட்டும் சேர்ந்தால்தான் என்று சீனிராஜ் இன்னும் ஏதோ விளக்குகிறான். அப்படியா? பொட்டலத்தில் பூ இருந்ததா? இலை மட்டும்தானா? ஒரு வருஷத்துக்குப் பிறகு இன்று காலையில்தான் டப்பாவைத் திறந்து பார்த்தார். கரும்பச்சையாய், சுருண்டு, விரலில் ஒட்டியது. ஒட்டினால் பூ. பேச்சிமுத்து அப்படித்தான் சொன்னான், விரல்ல ஒட்டணும் அண்ணாச்சி, ஒட்டினாத்தான் சரக்கு. பேச்சிமுத்துவை மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தது. அவன் மனைவி எதிர்க் கட்டில். இரண்டு பெண்களுக்கும் ஒரே இடத்தில் நோவு, ஒரே மாத்திரை, மாத்திரையை விழுங்கிய அரை மணியில் இரண்டு பேரும் வாந்தி எடுத்தார்கள், சில நாள் ஒரே சமயத்தில். பிறகு ஒரு வாரம் பேச்சிமுத்துவின் மனைவி வாந்தி எடுக்கவில்லை. கஞ்சி கேட்டாள். ஊறுகாய் கேட்டாள். தங்கப்புஷ்பம் திரும்பிப் படுத்து அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் நல்லமணியை வராந்தாவுக்குத் துரத்தியது. என்ன கொடுக்கிறீங்க தம்பி? பேச்சிமுத்து டீயை ஊதிக் குடித்துவிட்டு, குப்பைத்தொட்டிப் பக்கமாய்க் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். நெய்யில் வதக்கவேண்டும், கருகவிடக்கூடாது, பாலில் போட்டுக் காய்ச்சி வடிகட்டவேண்டும், பனங்கற்கண்டு போட்டால் கசப்புத் தெரியாது. போலீஸ்? பேச்சிமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தான். "வலி வந்து கத்தும்போது போலீஸா வந்து பக்கத்துல உக்காருது?" என்றான். போலீஸ் என் மச்சினன் என்று அவனிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் கொடுத்திருக்கமாட்டான். கொடுத்தான். முதல் முறை அதைத் தூக்குவாளியில் தயிர்ச் சோற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், எத்தனை தடவை சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, போலீஸ் ஏறி, சீட்டுக்கடியில் குனிந்து பார்க்கும்போது விசிலை வாயில் வைத்துக்கொண்டு அலுப்போடு நின்றிருக்கிறார். எவன் வைத்திருக்கிறான் என்று பயணிகளின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றிருக்கிறார், பொழுதுபோக்காக. வைத்திருக்கிறவன் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான். அன்று அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்து, முன் சீட்டுக் கம்பியையே பார்த்தார். கம்பியில் யாரோ ஆணியால் கீறிய ஒரு பெண்ணின் பேர். டார்ச் வெளிச்சம் வாளியின் மேல் வந்தது, நின்றது, என்ன அய்யா அது? தயிர்ச் சோறு, ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேன். வெளிச்சம் போய்விட்டது. போன பிறகும் வாளியின் மேல் ஒரு வட்டம் நின்றது. அந்த வட்டம் இன்னும் போகவில்லை. சமையல்கட்டில் வாளியை எடுக்கும்போதெல்லாம் மூடியின் மேல் பார்க்கிறார். இப்போது இந்தக் கதவின் மேலும் அது இருக்கிறது, வெயில்தான், எதிர்வீட்டுத் தகரத்தில் பட்டுத் திரும்புகிற உச்சி வெயில், இல்லை டார்ச், இல்லை வெயில்தான்.

நாட்டு மருந்து என்று சொல்லித்தான் பாலைக் கொடுத்தார். தங்கப்புஷ்பம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாய் கஞ்சி உள்ளே போய் அங்கேயே நின்ற அன்று அவள் சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள், ஏதோ சின்ன வழக்கில் ஜெயித்தவள் மாதிரி. அப்புறம் கொஞ்ச நாள் கழித்து டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஏங்க, மரியதாஸ் வச்சிருந்ததும் இதுதானா?" என்று கேட்டாள். நல்லமணி பனங்கற்கண்டு டப்பாவை மூடினார். அவள் டம்ளரை வைத்துவிடுவாள் என்று பயந்தார். அவள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "பாவம் அந்தப் புள்ள" என்றாள். மரியதாஸ் பக்கத்து வீட்டுப் பையன். சிங்கப்பூர் போக எல்லாம் முடிந்து டிக்கெட் வருவதற்குக் காத்திருந்தவன். கண்மாய்க்கரையில் கூட்டாளிகளோடு இருந்தபோது சட்டைப்பையில் ஒரு பொட்டலம், ஒரு விரல் நீளம். பிடித்தது சீனிராஜ். தங்கப்புஷ்பம் தம்பியைத் தேடிக்கொண்டு ஸ்டேஷனுக்கே போனாள், தாய் இல்லாமல் தான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, தன் பேச்சைத் தட்டமாட்டான் என்று. விடுடா சீனி, சின்னப் பய, எச்சரிச்சு விட்டுடு. சீனிராஜ் எல்லோருக்கும் முன்னால் சொன்னான், அக்கா, இது வீடு இல்ல. அந்த ஒரு பேச்சு. மரியதாஸ் சிங்கப்பூர் போகவில்லை. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு நடந்தான், பிறகு நடப்பதையும் நிறுத்திவிட்டு வெளியூரில் எங்கோ போய்விட்டான். அவன் அம்மா குழாயடியில் தங்கப்புஷ்பத்தைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். தங்கப்புஷ்பம் அதற்குப் பிறகு தம்பியோடு பேசவில்லை. கனகா கல்யாணத்தில் தாய்மாமன் சீர் வைக்க வந்து நின்றவனிடம்கூட, தட்டை வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. நோவு வந்த பிறகு அவன் வந்து வந்து போனான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆரஞ்சுப் பையை ஜன்னலில் மாட்டிவிட்டுப் போவான்.

ஆனால் அந்தக் கடைசி வாரம். அந்த நாள். சீனிராஜ் இதைச் சொல்லாத வீடு இல்லை, சொல்லாத கல்யாணப் பந்தி இல்லை, இதோ இப்போதும் தினகரிடம் ஆரம்பித்துவிட்டான், சட்டம் முடிந்து அக்காவுக்கு வந்துவிட்டான், குரலே மாறிவிட்டது. "நாலு வருஷம் பேசாதவ மாப்ள. நான் உள்ள நுழையிறேன், இங்கதான், இந்த ரூம்லதான். என்னைப் பாத்ததும் சிரிச்சா. 'ஏண்டா சீனி, தொப்பி எங்க, தொப்பியப் போட்டுக்கிட்டு வா, நான் சல்யூட் அடிக்கிறேன்'னா. ஓடிப்போய் வண்டியிலேருந்து எடுத்துட்டு வந்து போட்டேன். படுத்த வாக்குலயே கையைத் தூக்கி அடிச்சா பாரு ஒரு சல்யூட். சிரிப்புன்னா சிரிப்பு, கிணத்துல நான் விழுந்தது, வாத்தியார் வேட்டிய ஆடு தின்னது, எல்லாத்தையும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. என் கையை விடவேயில்ல. எங்கக்கா என்னை மன்னிச்சுட்டுத்தான் மாப்ள போனா. அது போதும் எனக்கு." தினகர் இதைப் பலமுறை கேட்டவன். ஆனாலும் தலையாட்டுகிறான். நல்லமணி கதவைப் பார்க்கிறார். இதுதான். இதற்குத்தான் பயந்தது. ஒரு வருஷம் ஜெயில், பத்தாயிரம், அதெல்லாம் வரட்டும், அறுபத்தெட்டு வயதில் ஜெயிலில் போட்டால் அங்கேயும் சோறு போடுவார்கள். கதவு திறந்ததும் அவன் மூக்குக்குத் தெரிந்துவிடும், மூக்குக்குத் தெரிந்த மறு விநாடி மண்டைக்குத் தெரியும், மண்டை அந்த நாளுக்குப் போகும், அந்தச் சிரிப்புக்குப் போகும். அதைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறேன் அவனிடமிருந்து. அவன் அக்கா அவனுக்கு விட்டுப்போன ஒரே சொத்தை.

அன்று பால் கொடுத்தேனா? கொடுத்தேன். கொடுத்தது தெரியும். காலையில் நெய் கொஞ்சம் கருகிவிட்டது, அதற்காக இன்னொரு கிள்ளு சேர்த்துப் போட்டது தெரியும், அவள் குடித்துவிட்டு மேலுதட்டை நாக்கால் துடைத்தது தெரியும், வாசலில் புல்லட் சத்தம் கேட்டபோது டம்ளர் கழுவாமல் ஜன்னலில் இருந்தது, அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றது தெரியும். அப்படியானால் சிரித்தது பாலா? ஆனால் அந்தப் பால் மற்ற நாளில் அவளைச் சிரிக்க வைத்ததில்லையே. தூங்க வைத்தது. வலியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னது. கஞ்சியை உள்ளே நிற்க வைத்தது. அவ்வளவுதான். அன்று ஒரு நாள்தான் சிரித்தாள், அவனைப் பார்த்துத்தான் சிரித்தாள், அதற்கு முன்னும் பின்னும் இல்லை. ஆனால் அன்றுதான் ஒரு கிள்ளு கூட. கூடப் போட்டதாலா? அவன் வந்ததாலா? வலி இல்லாதபோதுதானே மனுஷி மன்னிப்பாள், வலியோடு யாரை மன்னிக்க முடியும், அப்படியானால் பாலும்தான், அவனும்தான். இல்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். அன்று சாயங்காலம் அவளிடமே கேட்டிருக்கலாம், என்ன இன்னைக்குத் தம்பிகிட்ட அப்படிச் சிரிச்சே என்று. கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? தம்பியா, அவன் எப்ப வந்தான் என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்து கேட்கவில்லை. அந்தப் பயத்தோடு ஒரு வருஷமாய் இந்த வீட்டில் தனியாய்ப் புழங்குகிறார். கனவில் வருகிறாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, பால் எங்க, பால் எங்க என்கிறாள். விரும்பிக் கேட்டதை முதல் படையலில் வைக்காவிட்டால் கேட்டுக்கொண்டே வருவார்கள். வெறும் பால் வைத்தால் அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் வைத்தேன். வைத்திருக்கக்கூடாது. அவள் கேட்டாளே. கேட்டால்? உயிரோடு இருக்கிறவன் ஒருவன் அதோ நிற்கிறானே. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவு, கதவுக்கு இந்தப் பக்கம் நான்.

"சாப்பிட்டிருப்பா, திறக்கலாமா மச்சான்?" இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் சீனி. "எனக்கு நேரமாச்சு மச்சான், தேர் நிலைக்கு வர்றதுக்குள்ள போகணும்." கனகா காக்கைக்குத் தண்ணீர் வைக்கச் செம்பை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். தினகரின் போன் அடித்தது, அவன் வாசலுக்குப் போனான். நல்லமணி ஒரு எட்டு முன்னால் போய், "நான் திறக்கிறேன் சீனி, நீ அப்புறம் வா" என்றார். குரல் உடைந்து வந்தது. சீனிராஜ் அவர் தோளைத் தொட்டு, அழுகை என்று நினைத்துக்கொண்டு, "நான் இருக்கும்போது நீங்க ஏன் மச்சான்" என்று மெல்ல நகர்த்தினான். மூன்று தரம் கைதட்டினான். திடீரென்று திறந்தால் உள்ளே இருப்பவர்கள் திடுக்கிடுவார்கள் என்பதற்காகத் தட்டுவது. அக்கா, சீனி வந்திருக்கேன் என்றான். கதவைத் தள்ளினான்.

புகை வெளியே வந்தது. சீனிராஜ் நிலைக்கு உள்ளே ஒரு காலை வைத்தான். வைத்த கால் அங்கேயே நின்றது. பின்னாலிருந்து நல்லமணிக்கு அவன் கழுத்துதான் தெரிந்தது, தொப்பிக் கோட்டுக்குக் கீழே கறுத்தும் மேலே வெளுத்தும் இருந்த கழுத்து. அது அசையவில்லை. பிறகு அவன் இலைக்கு முன்னால் போய்க் குந்தினான். சோற்றைத் தொடவில்லை, வடையைத் தொடவில்லை. நேராய்ப் பொட்டலத்தை எடுத்தான். பிரிக்கவில்லை, மூக்குக்கும் கொண்டுபோகவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பித்தளை டம்ளரைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். மாடியில் கனகா கா கா என்று கூப்பிடுவது கேட்டது.

"மச்சான்."

"சொல்லு சீனி."

"அன்னைக்கும் கொடுத்தீங்களா?"

எது, என்றைக்கு என்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை. நல்லமணி நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லப்பா. அன்னைக்கு வேண்டாம்னுட்டா. சீனி வந்தாலும் வருவான், அவன் மூக்கு பொல்லாததுன்னா. டம்ளரைத் தள்ளிட்டா."

சீனிராஜ் திரும்பி அவரைப் பார்த்தான். முப்பது வருஷமாய்ப் பொய் சொல்கிறவர்களின் முகத்தைப் பார்த்தே பழகின கண். எங்கே வாங்கினாய், யாருக்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு, பதில் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்கிற கண். நல்லமணி ஜன்னல் வழியாக வெளியே பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு அந்தக் கண்ணையே பார்த்தார். அதில் தண்ணீர் கட்டியது. சீனிராஜ் பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே, டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். அது சாய்ந்தது, நேராக்கி வைத்தான். எழுந்து, பின்புறமாகவே நடந்து வெளியே வந்து, இரண்டு கதவையும் பழையபடி சேர்த்தான்.

கனகா செம்போடு படியில் இறங்கி வந்தாள். "என்ன மாமா, திறந்துட்டுத் திரும்பச் சாத்திட்டீங்க? காக்கா எல்லாம் வந்து உக்காந்துருச்சு."

"அக்கா இன்னும் சாப்பிட்டு முடிக்கலம்மா."

"நேரமாச்சுன்னீங்களே."

"தேர் எங்க போயிடப்போகுது."

அவன் கதவுக்கு முதுகைக் காட்டி, காலை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், பாரா நிற்கிறவன் மாதிரி. யாரும் அவனைத் தாண்டி உள்ளே போக முடியாது. கனகா செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். வாசலில் தினகர் யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சீனிராஜ் தலையைத் திருப்பாமல், நல்லமணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"சிரிச்சா இல்ல மச்சான்?"

"சிரிச்சா சீனி."